தும்புத்தடியும் மூன்று சில்லும்: ஒடுங்கிய பாதைகளில் சாய்வு ட்ரைக் ஓட்டுவது

என் ட்ரைக்கின், அதாவது சாய்ந்திருந்து ஓட்டும் மூன்று சில்லுச் சைக்கிளின், இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு தடி கட்டியிருக்கும். பழசாகிப்போன தும்புத்தடியின் பிடியை 85 சென்டிமீட்டருக்கு வெட்டி, இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியது. ட்ரைக்கின் அகலம் 82. மிச்சம் 3 சென்டிமீட்டர் என் கைநடுக்கத்துக்கு. வழியில் ஒரு தடுப்போ கம்பமோ வந்தால் இறங்கி இந்தத் தடியைக் குறுக்கே பிடித்துப் பார்ப்பேன். தடி போனால் நானும் போவேன். போகாவிட்டால் வேறு வழி. கண்ணால் அளந்து "போகும் போலிருக்கு" என்று நுழைந்த நாட்களில் இரண்டு மட்காட்டை உடைத்திருக்கிறேன்.

2016இல் உள்காதில் வந்த ஒரு வருத்தம் என் சமநிலையைக் கொண்டுபோய்விட்டது. யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைக்காலத்தில் அரிசி மூட்டையை பாரிலும் தங்கச்சியை காரியரிலும் ஏற்றி ஓடியவன், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கடைக்கு நடக்க மதிலைப் பிடித்தேன். இரண்டு சில்லுச் சைக்கிளில் ஏறினால் பூமி ஒரு பக்கம் சரியும். அப்போது மகள்தான் சாய்ந்திருந்து ஓட்டும் மூன்று சில்லு வண்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதைக் காட்டினாள். யாரோ பாவித்த வண்டி. ஏறி உட்கார்ந்த முதல் நாளே ஒன்று விளங்கியது: இதில் விழப் பயமில்லை. ஆனால் சைக்கிள் ஓடிய நாற்பது வருடப் பழக்கம் முழுக்க ஒரு கோட்டில் போகும் பழக்கம். இது கோடு இல்லை, ஒரு மேசை. மேசையை ஒடுங்கிய இடத்துக்குள் கொண்டுபோவது வேறு வித்தை.

நான் சொல்வதெல்லாம் முன்னால் இரண்டு சில்லும் பின்னால் ஒன்றும் உள்ள வண்டிக்கு. ஆங்கிலத்தில் இதை டாட்போல் என்பார்கள், அதாவது தலைப்பிரட்டை. இங்கே ஃபால்மத் நகரில் 'ஐஸ்' கம்பெனி செய்வதெல்லாம் இந்த வகை. முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டும் உள்ள வகைக்கு டெல்டா என்று பெயர். ஜெர்மனியில் ஹாசே கம்பெனி செய்யும் கெட்வீசல் அந்த வகை. தலைப்பிரட்டையில் அகலமான பாகம் கண் முன்னாலேயே இருக்கிறது. இரண்டு முன் சில்லும் போய்விட்டால் பின் சில்லு நடுவால் தானே வரும். டெல்டாவில் அகலம் முதுகுக்குப் பின்னால். வளைவில் அது உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும், கம்பத்தில் இடித்த பிறகுதான் தெரியும். டெல்டாக்காரர்கள் வளைவை இன்னும் அகலமாக எடுக்க வேண்டும். பதிலுக்கு அவர்களுக்கு மிகச் சின்ன வட்டத்தில் திரும்பும் வசதி உண்டு. எனக்கு அது இல்லை.

பாதைக்குப் போகுமுன் கால். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது பாவம். சாய்ந்து ஓட்டும்போது கால் பெடலின் மேல் நிற்பதில்லை, பெடலின் முன்னால் தொங்குகிறது. ஒரு குழியில் வண்டி குலுங்கிக் கால் நழுவினால் குதிக்கால் நிலத்தில் ஊன்றும். வண்டி நிற்காது. காலைப் பின்னுக்கு இழுத்து முன் குறுக்குத்தண்டுக்கு அடியில் மடக்கிவிடும். கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு. அதனால் பெடலில் பூட்டும் சப்பாத்து, அல்லது குதிக்காலைத் தாங்கும் பட்டி, இரண்டில் ஒன்று இல்லாமல் கடைத்தெரு வரைக்கும் கூடப் போக வேண்டாம். சப்பாத்தைக் கழற்றத் தெரியாமல் சைக்கிளோடு விழுவார்களே, அந்த வெட்கக்கேடு இதில் கிடையாது. நின்றாலும் வண்டி நிற்கும்.

காலி வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு ஞாயிறு

அகலத்தைத் தலையால் கற்க முடியாது, உடம்புக்குப் பழக்க வேண்டும். நான் ஞாயிறு காலை ஏழு மணிக்கு சூப்பர்மார்க்கெட் ஒன்றின் காலித் தரிப்பிடத்துக்குப் போனேன். இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தலை 110 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து நடுவால் போனேன். பிறகு 100, பிறகு 95, பிறகு 90. போத்தல் விழுந்தால் சத்தம் வரும், செலவு வராது.

அங்கே பிடிபட்ட சூட்சுமம் இது: இடைவெளிக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னாலேயே வண்டியை நேராக்கிவிட வேண்டும். வாசலுக்குள் வந்து நேராக்கப் பார்த்தால் ஏதாவது ஒரு சில்லு உரசும். நேரானபின் ஒரு பக்கச் சில்லை மட்டும் பாருங்கள். நான் எப்போதும் வலது சில்லைத்தான் பார்ப்பேன். அதைக் கம்பத்திலிருந்து நான்கு விரல் தள்ளிக் கொண்டுபோனால் இடது பக்கம் தன்பாட்டில் சரியாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தால் கையும் மாறி மாறித் திரும்பும். சில்லு உள்ளே போன கணமே பார்வை தூரத்துக்கு.

இரண்டாவது ஞாயிறு மிக மெதுவாக ஓடப் பழகினேன். இதைக் கேட்டு மகள் சிரித்தாள். ஆனால் சாதாரணச் சைக்கிள்காரருக்கு இல்லாத வசதி இதுதான். அவர் நடக்கிற வேகத்துக்கு இறங்கினால் தள்ளாடுவார், அதனால் முன்னால் போகிறவரை அவசரப்பட்டு முந்த வேண்டியிருக்கும். நாங்கள் சின்ன கியரில் ஊரலாம், நிற்கலாம், மறுபடி ஊரலாம். ஒடுங்கிய பாதையில் இதைவிடப் பெரிய சொத்து இல்லை.

அதோடு பின்னுக்குப் போகவும் பழகுங்கள். கையுறை போட்டு, இருக்கையில் இருந்தபடியே இரண்டு முன் டயரையும் கையால் பின்னுக்கு உருட்டலாம், தள்ளுவண்டி நாற்காலியில் இருப்பவர்கள் செய்வதுபோல. மட்காட் கம்பிக்குள் விரல் போகாமல் கவனம். என் வண்டி ஒரே வீச்சில் முழுதாகத் திரும்ப 5 மீட்டருக்கு மேல் வேண்டும். 3 மீட்டர்ப் பாதையில் முன்னும் பின்னுமாக மூன்று தரம் போய்த்தான் திரும்பலாம். அதைவிட ஒடுக்கமென்றால் இறங்கி, இருக்கையின் முதுகைப் பிடித்துப் பின் சில்லைத் தூக்கி, முன் சில்லுகளைச் சுழலச்சு மாதிரி வைத்து வண்டியைச் சுற்றிவிடுவேன். பத்து விநாடி வேலை.

முதலில் எங்கே ஓட

எனக்கு வாய்த்தது பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்குப் போகும் பிரிஸ்டல்–பாத் ரயில்வே பாதை. 1960களில் மூடப்பட்ட ரயில் தடத்தில் 1979க்கும் 1986க்கும் இடையில் தார் போட்டு அமைத்த 13 மைல் பாதை. பிறகு சஸ்ட்ரான்ஸ் என்று நாடு முழுக்கப் பரவிய சைக்கிள் பாதை அமைப்பு இந்தப் பாதையை வெட்டிய ஆட்களிடமிருந்துதான் பிறந்தது. ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் மென்மை, வளைவு பெரிது, அகலம் ஏறக்குறைய 3 மீட்டர். ட்ரைக் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. உங்கள் ஊரிலும் பழைய ரயில் தடம் ஏதாவது பாதையாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஆனால் வார நாள் காலை எட்டு மணிக்கு அங்கே போகாதீர்கள். வேலைக்குப் பறக்கிற சைக்கிள்கள் பின்னால் வரிசை கட்டும். நான் பத்து மணிக்குமேல் போவேன். பிட்டன் பழைய ஸ்டேஷனில் நீராவி ரயிலைப் பார்த்தபடி ஒரு தேநீர்.

அங்கே கற்றுக்கொண்ட மரியாதை: இடது ஓரத்தில் ஒட்டாமல், இடது பாதியின் நடுவில் ஓடுங்கள். ஓரத்தில் மரவேர் தாரைத் தூக்கியிருக்கும், முட்செடி கைக்கு நேரே நீண்டிருக்கும். எங்கள் கை சில்லுக்குப் பக்கத்தில், புல் உயரத்தில் இருக்கிறது. காஞ்சொறி மாதிரியான நெட்டில் செடி யூன் மாதத்தில் சரியாக அந்த உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். நீளக் கைச் சட்டை போடுங்கள். இலையுதிர்காலத்தில் வேலி வெட்டினால் முள் பாதை முழுக்கக் கிடக்கும். இரண்டு சில்லுக்காரருக்கு ஒரு தடம், எங்களுக்கு மூன்று தடம், பஞ்சர் வாய்ப்பும் அப்படியே. தடித்த பஞ்சர் காப்பு உள்ள டயர் பாரம்தான், இருந்தாலும் அதையே போடுங்கள். குழிகளுக்கும் இதே மூன்று தடக் கணக்குத்தான். சைக்கிள்காரர் சுற்றிப் போகிற குழியை நாங்கள் இடது சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் விட்டுப் போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அளவு குழி என்றால் தப்பலாம். அதைவிடப் பெரிதென்றால் வேகத்தைக் குறைத்து ஒரு முன் சில்லை மட்டும் பலி கொடுங்கள். பின் சில்லு இறங்கினால் அடி முதுகெலும்புக்கு வரும்.

நடப்பவர்களைக் கடப்பது: இருபது மீட்டருக்கு முன்னால் ஒரு தரம் மணி. அவர்கள் திரும்பிப் பார்த்து முதலில் தலை உயரத்தில் தேடுவார்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிறகுதான் குனிவார்கள். அதற்கு நேரம் கொடுங்கள். நாய் பிடித்திருப்பவரிடம் மணியோடு வாயாலும் "குட் மார்னிங்" சொல்வேன். நீளப் பட்டியில் கட்டிய நாய் ஒரு பக்கமும் ஆள் மறு பக்கமும் நின்றால், நடுவிலுள்ள கயிறு எங்களுக்குக் கழுத்து மட்டம். குதிரை வந்தால் நின்றுவிடுங்கள், சத்தமாகக் கதையுங்கள். தரையோடு ஊர்ந்து வருவது மனிதன்தான் என்று அதற்குக் குரலால்தான் தெரியும். நாய்கள் முகத்தை நக்கும், அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை.

தெருவோரச் சைக்கிள் தடம்

வெள்ளைக் கோடு போட்ட தடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒன்றரை மீட்டர் அகலமென்று கோடு சொல்லும், அதில் முக்கால் மீட்டரை வடிகால் மூடியும் தார் ஒட்டும் எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் நெடுஞ்சாலை விதிநூல்படி சைக்கிள் தடத்தில் ஓடியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 29 ஜனவரி 2022இல் வந்த மாற்றங்களின்படி அமைதியான தெருவில் லேனின் நடுவில் ஓடலாம். மற்ற இடத்தில் ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஓடச் சொல்கிறது. மணிக்கு 30 மைல் வேகம்வரை ஓடுகிற கார் எங்களைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். ட்ரைக்கில் அரை மீட்டரை இடது சில்லிலிருந்து அளக்க வேண்டும், உங்கள் தோளிலிருந்து அல்ல. புதிதாக ஓடுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் பிழை விடுகிறார்கள்.

நிறுத்திய கார்களின் பக்கத்தால் போகும்போது ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள். கதவின் கீழ் விளிம்பு எங்களுக்கு முகத்துக்கு நேரே வரும். லொறியின் இடது பக்கத்தால் ஒருபோதும் முன்னேற வேண்டாம், சிவப்பு விளக்கில் லொறிக்குப் பின்னாலேயே நில்லுங்கள். ஓட்டுநர் உயரத்திலிருந்து பார்த்தால் நாங்கள் அவருடைய முன் பம்பருக்குக் கீழே எங்கோ இருக்கிறோம். நீளத் தடியில் கொடி, இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால் வேறு வேறு உயரத்தில் இரண்டு சிவப்பு விளக்கு, இவை அலங்காரமில்லை. மற்றபடி கார்க்காரர்கள் எனக்கு, சைக்கிள் ஓடிய காலத்தைவிட, அதிக இடம் விட்டே போகிறார்கள். இது என்ன விசித்திரம் என்று யோசிக்கிறார்கள் போல. யோசிக்கட்டும்.

வீதியைக் கடக்கும் விளக்குக்கு அமுக்கும் பொத்தான் இருக்கிறதே, அது இருக்கையில் இருந்து எட்டாது. அங்கேதான் தும்புத்தடியின் இரண்டாவது உபயோகம்.

தடுப்புகள்

மோட்டார் சைக்கிள் நுழையாமல் வைத்த இரும்புத் தடுப்புகள்தான் எங்கள் பெரிய எதிரி. தேசிய சைக்கிள் பாதைகளில் மட்டும் இப்படி 16,000க்கு மேல் இருப்பதாக சஸ்ட்ரான்ஸ் 2018இல் எண்ணிச் சொன்னது. தள்ளுவண்டி நாற்காலிக்காரர், இரட்டைக் குழந்தை வண்டி தள்ளுகிற தாய், சரக்குச் சைக்கிள், நாங்கள், எல்லாருக்கும் அடி. மோட்டார் சைக்கிள் பையன்கள் பக்கத்து வேலியில் ஓட்டை போட்டு எப்படியும் வந்துவிடுவார்கள்.

நேரான இரண்டு கம்பம் என்றால் தடி பதில் சொல்லும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த சட்டம் சிலவற்றில், நாங்கள் தாழ்வாக இருப்பதால், கண்ணாடியை மடக்கிக் கொடியைக் கழற்றி நுழைந்துவிடலாம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இடம் வலமாக மாற்றி வைத்த வேலிகள்தான் மோசம். அங்கே அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, உங்கள் நீளத்துக்கு உள்ளே திரும்ப இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வேலிக்குள் போய், இரண்டாவதில் மூக்கு முட்டி, முன்னும் பின்னும் அசைய முடியாமல் ஒரு மழை நாளில் நான் இருந்தேன். நாயோடு வந்த ஒரு அம்மா இறங்கச் சொல்லி, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானும் வண்டியைத் தூக்கி வெளியே வைத்தோம். அதற்குப் பிறகு விதி: இரண்டடுக்கு வேலி என்றால் இறங்கி உள்ளே நடந்து பார்த்துத்தான் மறுபேச்சு.

முழங்கால் உயரக் கம்பம் என்றால் இறங்கி ஒரு முன் சில்லை அதற்கு மேலால் தூக்கிக்கொண்டு போகலாம். முழு வண்டியையும் தூக்காதீர்கள். 18 கிலோதான், ஆனால் பிடிக்க வாகான இடம் இல்லாத 18 கிலோ.

புகார் எழுதுவதும் ஓட்டுவதில் ஒரு பாகம்தான். படம் எடுங்கள், தடியைக் குறுக்கே வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. கடிதத்தில் இரண்டு விடயத்தை எழுதுங்கள். போக்குவரத்துத் துறை 2020இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, எல்டிஎன் 1/20, சைக்கிள் பாதையை 1.2 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் நீளமும் உள்ள வண்டிக்கு ஏற்ப அமைக்கச் சொல்கிறது, கம்பங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் விடச் சொல்கிறது. மற்றது, உடல் இயலாமையால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிற 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். என் உடல்நிலையை நான் ஒரே வரியில்தான் எழுதுவேன், கதை எழுத மாட்டேன். ஒரு உள்ளூராட்சிச் சபையிடமிருந்து பதில் வர ஏழு மாதம் ஆனது. நான் சிக்கிய வேலியில் ஒரு பாதியைக் கழற்றிவிட்டார்கள்.

கால்வாய்க் கரை

பாத்திலிருந்து பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் வரைக்கும் கெனட்–ஏவன் கால்வாய்க் கரை எனக்கு மிகப் பிடித்த பாதை, மிகப் பயந்த பாதையும் அதுதான். குதிரை கயிறு கட்டிப் படகு இழுத்த கரை. வழியில் டண்டஸ், ஏவன்கிளிஃப் என்று இரண்டு கல் நீர்ப்பாலங்கள், ஜான் ரென்னி என்ற பொறியியலாளர் கட்டியவை. ஆற்றுக்கு மேலால் கால்வாய் போகும், அதன் பக்கத்தால் நாங்கள் போவோம்.

அங்கே நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. வீட்டுப் படகுகள் கட்டியிருக்கும். கரையில் அவர்களுடைய விறகு, பூச்சட்டி, சைக்கிள், சில நேரம் ஒரு சாய்வு நாற்காலியும் ஆளும். புல்லுக்குள் கயிறு கட்டிய ஆணி மறைந்திருக்கும். முன் சில்லு அதில் தட்டினால் கைப்பிடி சட்டென்று அந்தப் பக்கம் இழுக்கும். அதனால் புல்லில் ஒரு சில்லை இறக்கி ஒதுங்க வேண்டி வந்தால், தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், வேலிப் பக்கமே ஒதுங்குங்கள். எதிரே வருபவர் தண்ணீர்ப் பக்கம் போக விரும்பாவிட்டால் நீங்கள் நின்றுவிடுங்கள், அவர் தாண்டிப் போகட்டும்.

கரை சில இடத்தில் தண்ணீரை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டி தானே அந்தப் பக்கம் இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் போராடாமல், மேல் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முன் சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் அந்தப் பக்கம் இழுக்கும். கால்வாய்க் கரையில் இரண்டு கையாலும் சமமாக.

பாலங்களுக்குக் கீழே பாதை ஒடுங்கி, வளைந்து, மறைந்துவிடும். நான் பாலத்துக்கு முன்னாலேயே மணி அடித்து, நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நுழைவேன். அந்தப் பக்கமிருந்து வேகமாக வருகிறவர் ஒரு ஆளை எதிர்பார்ப்பார், மேசையை எதிர்பார்க்க மாட்டார். பாலத்தடியிலிருந்து ஏறும் குறுகிய சரளைச் சரிவில் பின் சில்லு வழுக்கும். பாரம் பெரும்பாலும் முன்னால் இருப்பதால் வருவது இது. மிகச் சின்ன கியருக்கு முன்கூட்டியே மாறி, முதுகை இருக்கையில் நன்றாக அழுத்தி, பெடலை உதைக்காமல் உருட்டுங்கள். பின்பையில் சாப்பாடும் தண்ணீரும் நிறைய இருந்தால் உதவும். நான் இட்லி கொண்டுபோவதற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது.

டண்டஸிலிருந்து மிட்ஃபர்ட் வழியாக இரட்டைச் சுரங்கப் பாதையால் பாத் திரும்பினால் மொத்தம் 13 மைல் சுற்று. 1966இல் மூடிய ரயில் பாதையின் சுரங்கங்கள், 2013இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள். கூம் டவுன் சுரங்கம் மட்டும் 1,672 மீட்டர். கோடையிலும் குளிரும், மேல்சட்டை எடுத்துப் போங்கள். உள்ளே விளக்கு மங்கல்தான், அது பிரச்சினையில்லை. எதிரே வரும் சைக்கிளின் முன் விளக்கு சரியாக எங்கள் கண்ணுக்கு நேரே இருப்பதுதான் பிரச்சினை. விளிம்பு வைத்த தொப்பி போட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வேன். உங்கள் விளக்கு தாழ்வாக இருப்பதால் ஒரு சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும், எல்லாம் மலையாகத் தெரியும். முதல் தரம் அதைப் பார்த்து நான் சும்மா சும்மா பிரேக் பிடித்தேன்.

இத்தனையும் முடித்துப் பின்னேரம் வீட்டுக்கு வந்தால், எங்கள் முன் கேட் 76 சென்டிமீட்டர். வாங்கிய நாளில் அளக்கவில்லை. இறங்கி, இருக்கைச் சட்டத்தைப் பிடித்து, வலது முன் சில்லை மேலே உயர்த்தி வண்டியை ஒருக்களித்து நிறுத்தி, மற்ற இரண்டு சில்லில் நடத்திக்கொண்டு உள்ளே போவேன். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலில் நின்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். போன கிழமை கேட்டார், கேட்டை மாற்றலாமே என்று. மாற்றலாம்தான்.